காத்திருக்கும் நேரத்தில் ஆட ஒரு புதிர் விளையாட்டு: கைபேசியில் புதிதாகத் தொடங்குவோருக்கு

ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சனிக்கிழமை நாட்டுச்சர்க்கரை ஏலம் நடக்கும். பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை வாங்கும் இடம் அது. மூட்டைகளை இறக்கி, எடை போட்டு, சீட்டைச் சட்டைப்பையில் வைத்துவிட்டால் பிறகு விவசாயிக்கு அங்கே வேலை கிடையாது. வியாபாரிகள் வந்து சர்க்கரையை உள்ளங்கையில் தேய்த்து நிறம் பார்ப்பார்கள், நுனிநாக்கில் வைப்பார்கள், அடுத்த மூட்டைக்கு நகர்வார்கள். விலை சொல்லி நம் பெயரைக் கூப்பிடும்வரை வேப்பமர நிழல்தான் கதி. இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று.

போன சித்திரையில் அந்த நிழலில் உட்கார்ந்திருந்தபோது, “மாமா, இதை ஆடிப் பாருங்கள்” என்று அக்கா மகன் ஒரு விளையாட்டைக் காட்டினான். மேலிருந்து பழம் விழும். ஒரே வகைப் பழங்கள் இரண்டு தொட்டுக்கொண்டால் அடுத்த பெரிய பழமாக மாறும். அவ்வளவுதான். எனக்குப் பிடித்துவிட்டது. அன்றிரவு வீட்டுக்கு வந்து அதே போலத் தெரிந்த ஒன்றை நானே என் கைபேசியில் இறக்கினேன். அடுத்த மூன்று வாரத்தில் என் கணக்கிலிருந்து 747 ரூபாய் போயிருந்தது. விளையாட்டில் குற்றமில்லை. அதைச் சுற்றியிருக்கும் கதவுகளை நான் பூட்டாமல் உள்ளே போனதுதான் பிழை. நீங்கள் பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே சொல்வதெல்லாம் ஆண்ட்ராய்டு கைபேசிக்கு. எல்லாவற்றையும் செய்து முடிக்க முதல் நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள், ஏலக் கூடத்தில் வேண்டாம்.

1. எந்த ஆவணமும் தேவையில்லை

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழத்தை அடுக்கும் விளையாட்டுக்கு ஆதார் வேண்டாம், பான் வேண்டாம், வங்கிக் கணக்கு எண் வேண்டாம். உங்கள் தொடர்பு எண்கள், இருக்கும் இடம், குறுஞ்செய்திகள் எதையும் பார்க்க அதற்கு அனுமதி தேவைப்படாது. கூகுள் கணக்கு ஒன்று கைபேசியில் இருந்தால் போதும், அது ஏற்கெனவே இருக்கும்.

விளையாட்டு இவற்றில் எதையாவது கேட்டால் அந்த நொடியே மூடி நீக்கிவிடுங்கள். “நாணயம் சேர்த்தால் பணமாக மாற்றித் தருகிறோம்” என்பவைதான் பெரும்பாலும் கேட்கும். ஆரம்பத்தில் நாணயம் மளமளவென்று சேரும். பணம் எடுக்க வேண்டிய எல்லையை நெருங்கும்போது சேர்வது நின்றுபோகும், அல்லது பான் எண் கேட்கும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் வந்த மத்திய அரசின் சட்டம் தடை செய்திருக்கிறது. பொழுதுபோக்குக்காக ஆடும் புதிர் விளையாட்டு அதில் வராது. ஆகவே இரண்டும் கலந்ததுபோல் தெரியும் எதையும் தொடாதீர்கள்.

2. எந்த வகை உங்களுக்கு என்று முடிவு செய்யுங்கள்

இந்த விளையாட்டுகள் எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று உண்டு. பொருளுக்கு எடை இருக்கும். விழும், உருளும், ஆடும், சரியும். நாம் ஒரு சின்ன வேலை செய்துவிட்டு விரலை எடுத்துவிட வேண்டும், மீதியைப் புவியீர்ப்பு செய்யும். வேகமான விரல் தேவையில்லை என்பதால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் இது ஒத்துவருகிறது.

உண்டிவில் வகை: ‘ஆங்ரி பேர்ட்ஸ்’ தெரியாதவர் குறைவு. வில்லை இழுத்துப் பறவையை எறிந்து கட்டடத்தைச் சரிக்க வேண்டும். சிறுவயதில் மாங்காய் அடித்தவர்களுக்குக் கை தானாக வரும். பாதிச் சரிவில், அதாவது 45 பாகையில் எறிந்தால் அதிக தூரம் போகும். 30 பாகையில் எறிந்தாலும் 60 பாகையில் எறிந்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழும். ஆனால் தாழ்வாக எறிந்தது சுவரை முன்பக்கம் மோதும், உயரமாக எறிந்தது கூரையின்மேல் இறங்கும். ஒரு வழி அடைபட்டிருந்தால் மற்றதை முயலுங்கள்.

கயிறு வகை: ‘கட் த ரோப்’ போன்றவை. தொங்கும் மிட்டாயின் கயிற்றை அறுத்து, கீழே இருக்கும் பச்சைக் குட்டியின் வாயில் விழச் செய்ய வேண்டும். ஆடி நோம்பிக்கு மரக்கிளையில் தூரி கட்டி ஆடிய கை இதை உடனே புரிந்துகொள்ளும். தூரி முன்னால் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, அப்போது அறுத்தால் மிட்டாய் நேராகக் கீழே விழும். அடியில் வேகமாகக் கடக்கும்போது அறுத்தால் முன்னோக்கிப் பாயும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் முதல் இருபது கட்டங்கள் எளிது.

பாலம் வகை: ‘பாலி பிரிட்ஜ்’ போன்றவை. சட்டங்களை இணைத்துப் பாலம் கட்டி வண்டியைக் கடத்த வேண்டும். சதுரமாகக் கட்டினால் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும், குறுக்கே ஒரு சட்டம் போட்டு முக்கோணமாக்கினால் நிற்கும். பல்லடம் பக்கம் தறிக்கூடங்களின் கூரைக்கு அடியில் அண்ணாந்து பாருங்கள், முழுவதும் முக்கோணமாகத்தான் இருக்கும். நல்ல விளையாட்டு, ஆனால் காத்திருக்கும் நேரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதிக் கட்டியதை விட்டு எழ மனம் வராது.

கைபேசியைச் சாய்த்து உருண்டையை உருட்டும் வகையும் உண்டு. பஸ்ஸில் அதை ஆட முடியாது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டை உங்கள் பேச்சைக் கேட்காது, வயிறும் கேட்காது.

பழம் வகை: காத்திருப்புக்கு என் தேர்வு இதுதான். எந்த இடத்தில் நிறுத்தினாலும் நட்டமில்லை, ஒரே விரல் போதும், சத்தம் தேவையில்லை. ஜப்பானிலிருந்து வந்த ‘சுயிகா’ விளையாட்டுதான் இதற்கு மூலம், சுயிகா என்றால் தர்பூசணி. அதைப் பார்த்துச் செய்த நகல்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. நான் மாட்டிக்கொண்டதும் அப்படி ஒரு நகலில்தான்.

3. இறக்கும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்

பிளே ஸ்டோரில் பெயரைத் தட்டியதும் வரும் பக்கத்தில் பச்சைப் பொத்தானை மட்டும் பார்க்காதீர்கள். பெயருக்குக் கீழே, விளம்பரம் உண்டா, உள்ளே பணம் கட்டி வாங்கும் பொருட்கள் உண்டா என்று சின்ன எழுத்தில் இருக்கும். இலவச விளையாட்டு எதிலும் விளம்பரம் இருக்கத்தான் செய்யும், அதில் தப்பில்லை. கீழே இறங்கி அந்தப் பொருட்களின் விலை வரம்பைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் போனால் வேறு பாருங்கள்.

பிறகு விமர்சனங்கள். ஐந்து நட்சத்திரம் போட்டவற்றை விட்டுவிட்டு ஒரு நட்சத்திரம் போட்டவற்றை மட்டும், புதியவை முதலில் வரும்படி மாற்றி, பத்துப் படியுங்கள். “பணம் பிடித்துவிட்டது” என்று மூன்று பேர் எழுதியிருந்தால் போதும், திரும்பி வந்துவிடுங்கள். நான் இதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. அப்புறம் போய்ப் பார்த்தேன், வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள்.

யாராவது அனுப்பும் இணைப்பைத் தட்டி, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டாம்.

4. பணம் போகும் வழிகளை அடைத்துவிடுங்கள்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். விளையாட்டைத் திறந்ததும் ஒரு பக்கம் வந்தது. “விளம்பரமின்றி ஆடுங்கள், மூன்று நாள் இலவசம்.” நடுவில் பெரிய பொத்தான். மூலையில் வெளிர் சாம்பல் நிறத்தில், வெள்ளைப் பின்னணியில், அந்தப் பக்கத்தை மூடும் பெருக்கல் குறி ஒன்று இருந்திருக்கிறது. கண்ணாடி போடாமல் அது எனக்குத் தெரியவில்லை. பொத்தானைத் தட்டினேன். யுபிஐ செயலி திறந்து ரகசிய எண்ணைக் கேட்டது. இலவசம்தானே என்று போட்டுவிட்டேன்.

அந்த எண்ணைப் போட்டதன் பொருள், ‘ஆட்டோபே’ என்னும் தானியங்கிப் பணப்பிடித்தத்துக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்பது. மூன்று நாள் கழிந்ததும் வாரத்துக்கு 249 ரூபாய் பிடிக்க ஆரம்பித்தது. இப்படிப் பிடிக்கும் தொகை 15,000 ரூபாய் வரை இருந்தால் ஒவ்வொரு முறையும் மறுபடி ரகசிய எண் கேட்கமாட்டார்கள். ஒரு நாள் முன்னதாக அறிவிப்பு மட்டும் வரும். எனக்கும் வந்திருக்கிறது, வேண்டாத குறுஞ்செய்திகளோடு அதையும் சேர்த்து அழித்திருக்கிறேன்.

ஆகவே ஆடத் தொடங்கும் முன்பே இதைச் செய்யுங்கள். பிளே ஸ்டோரில் வலது மேல்மூலையில் இருக்கும் உங்கள் வட்டப் படத்தைத் தட்டி அமைப்புகளுக்குப் போங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி மாற்றிவையுங்கள். அதே படத்தைத் தட்டினால் கட்டணங்கள், சந்தாக்கள் என்றொரு பிரிவு இருக்கும். அதில் கார்டு, யுபிஐ ஏதாவது சேர்ந்திருந்தால் நீக்கிவிடுங்கள். விளையாட்டுக்கு உண்மையிலேயே பணம் கொடுக்க விரும்பினால் பிளே ஸ்டோரின் பரிசுக் குறியீட்டை வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள். அதில் இருப்பதற்கு மேல் ஒரு பைசா போகாது. ஒரே தடவை விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுகள் சந்தாவைவிட எப்போதும் மேல் என்பது என் கருத்து. ‘வேர்ல்ட் ஆஃப் கூ’ அப்படிப்பட்டது, கொழகொழ உருண்டைகளை ஒட்டிக் கோபுரம் கட்டுவது.

இன்னொன்றைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: விளையாட்டை நீக்கினால் சந்தா நீங்காது. இரண்டாவது வாரம் பணம் போனதைப் பார்த்து நான் விளையாட்டை நீக்கினேன். பிரச்சினை தீர்ந்தது என்று கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டேன். மூன்றாவது வாரமும் 249 போனது.

5. பணம் போய்விட்டால்

வரிசை முக்கியம். முதலில் நிறுத்துங்கள், பிறகு கேளுங்கள்.

நிறுத்துவதற்கு இரண்டு இடம். பிளே ஸ்டோரின் சந்தாக்கள் பக்கத்தில் அந்த விளையாட்டைத் தட்டி ரத்து செய்யுங்கள். பிறகு உங்கள் யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே பகுதிக்குப் போய் அதே பெயரில் இருக்கும் ஒப்புதலையும் ரத்து செய்யுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டுவிட வேண்டாம்.

கேட்பதற்கு முன் கையில் வைத்திருக்க வேண்டியவை: கூகுளிலிருந்து மின்னஞ்சலில் வந்த ரசீது, அதில் ‘ஜிபிஏ’ (GPA) என்று தொடங்கும் ஆர்டர் எண், பணம் போன தேதியும் தொகையும், யுபிஐ செயலியில் காட்டும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். மின்னஞ்சல் பார்க்கும் பழக்கம் இல்லையென்றால் வீட்டுப் பிள்ளைகளைத் தேடித் தரச் சொல்லுங்கள், அது வந்திருக்கும்.

பணம் போய் 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுள் பிளேயிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கணினியோ கைபேசியோ போதும், யாரையும் நேரில் பார்க்க வேண்டாம். காரணம் கேட்கும் இடத்தில் இரண்டு வரி எழுதினால் போதும். பெரும்பாலும் ஓரிரு நாளில், அதிகம் போனால் நான்கு நாளில் முடிவு சொல்வார்கள். 48 மணி நேரம் தாண்டிவிட்டால் விளையாட்டைச் செய்தவருக்குத்தான் எழுத வேண்டும். முகவரி அந்த விளையாட்டின் பக்கத்தில் கீழே இருக்கும்.

என் கணக்கு இப்படி முடிந்தது. மூன்றாவது தவணைக்கு மறுநாள் காலையே கேட்டேன், 249 ரூபாய் ஆறாம் நாள் வந்தது. முதல் இரண்டு தவணைக்கு விளையாட்டைச் செய்தவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. 498 ரூபாய் போனது போனதுதான்.

நீங்கள் ரகசிய எண்ணே போடாமல், உங்களுக்குத் தெரியாமலே பணம் போயிருந்தால் அது வேறு. அது மோசடி. உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் அழையுங்கள். மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வெளியார் செய்த மோசடியில் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. மறந்துபோன சந்தாவுக்கு இந்த வழி பயன்படாது.

6. டேட்டாவும் விளம்பரமும்

இறக்குவதை வீட்டு வைஃபையில் செய்யுங்கள். ஆடும்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவே வரும் காணொளி விளம்பரங்கள்தான் டேட்டாவைத் தின்கின்றன. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக் வைத்திருப்பவர்கள் மாலையில் வீட்டுக்குக் காணொளியில் பேசும்போது இதை உணர்வார்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கைபேசியின் இணைப்புகளைத் துண்டிக்கும் விமான முறையைப் போட்டுவிட்டு விளையாட்டைத் திறந்து ஒரு ஆட்டம் ஆடுங்கள். ஓடினால் அது நல்ல விளையாட்டு, வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு இல்லை என்று நின்றால் நீக்கிவிடுங்கள். சத்தியமங்கலம் காட்டுக்குள் போனால் சிக்னல் விட்டுவிட்டு வரும். பண்ணாரி சோதனைச் சாவடியில் வண்டி வரிசையில் நிற்கும்போதுதான் ஆட ஏதாவது வேண்டும் என்று தோன்றும்.

விளம்பரம் வந்தே தீரும் என்றால் பெருக்கல் குறி தானாகத் தெரியும்வரை விரலைத் தூக்கியே வைத்திருங்கள். முதலில் தெரியும் குறி சில சமயம் விளம்பரப் படத்தின் பகுதியாகவே வரையப்பட்டிருக்கும், தட்டினால் வேறொன்றை இறக்கச் சொல்லும்.

7. பழத்தைப் போடும் முறை

இப்போது விளையாட்டு. மேலே ஒரு பழம் நிற்கும், இடவலமாக நகர்த்தி விரலை எடுத்தால் விழும். ஒரு மூலையில் அடுத்த பழம் எது என்று காட்டும். சுயிகாவில் செர்ரி முதல் தர்பூசணி வரை மொத்தம் 11 படிகள். மேலிருந்து வருவது முதல் ஐந்து சின்னப் பழங்கள் மட்டுமே, மற்றவற்றை நாம்தான் சேர்த்து உண்டாக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு தர்பூசணிக்குள் 1,024 செர்ரி இருக்கின்றன. பெட்டியின் மேல்கோட்டைத் தாண்டிப் பழம் நின்றுவிட்டால் ஆட்டம் முடிந்தது.

முதல் இரண்டு வாரம் நான் கிடைத்த இடத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய பழம் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், சின்னப் பழங்கள் அதன் இருபுறமும் சரிந்து ஒன்றையொன்று பார்க்க முடியாமல் பிரிந்து கிடக்கும். ஒரு சனிக்கிழமை, மூட்டை இறக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த சுமைதூக்கும் பெரியவர், தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். “அட்டி போடத் தெரியவில்லையே தம்பி, பெரியதைச் சுவர் ஓரமாகத் தள்ளு” என்றார். மூட்டைகளை அடுக்குவதைத்தான் அட்டி போடுவது என்பார்கள். கைபேசியில் அவர் எதுவும் ஆடியதில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் இந்த விளையாட்டின் அடிப்படை.

பெரிய பழத்தை ஒரு மூலையில் வையுங்கள், இடது மூலை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அடுத்து ஒரு படி சிறியது, அதற்கடுத்து இன்னும் சிறியது என்று வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போக வேண்டும். வரிசை இப்படி இருந்தால் வலது கோடியில் இரண்டு சின்னப் பழம் சேர்ந்தவுடன் அது பக்கத்தில் இருப்பதோடு சேரும், அது அதற்கடுத்ததோடு சேரும். சரசரவென்று ஒரே மூச்சில் நான்கு படி ஏறுவதைப் பார்க்கும்போது மனம் குளிர்ந்துவிடும்.

அடுத்தது, பொறுமை. பழம் விழுந்ததும் உருண்டு, மற்றதை இடித்து, ஓர் இடத்தில் நிற்க ஒன்றிரண்டு நொடி ஆகும். அதற்குள் அடுத்ததைப் போட்டால் இரண்டும் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முழுதாக நிற்கட்டும். இரண்டு பழம் சேர்ந்து பெரிதாகும்போது அந்தப் பெரியது இடம் கேட்டுப் பக்கத்தில் இருப்பவற்றைத் தள்ளும். இந்தத் தள்ளுதலை நமக்குச் சாதகமாக்கலாம். பிரிந்து கிடக்கும் இரண்டு பழத்துக்கு அருகில் வேறு ஒரு சேர்க்கையை உண்டாக்கினால் அது அவற்றை நெருக்கிக் கொடுக்கும்.

பெரிய பழத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் செர்ரி விழுந்து மாட்டிக்கொள்வதுதான் புதியவர்கள் எல்லோருக்கும் நேர்வது. அதற்கு இணை போட மேலே வழி இருக்காது. ஆகவே செர்ரி வந்தால் வலப்பக்கம் மட்டும். இணை இல்லாத செர்ரியைப் பெரிய பழத்தின் மேல் உட்கார வைக்கவும் வேண்டாம், உருண்டு சரியாக அந்தச் சந்தில்தான் போய் விழும்.

பாதிப் பெட்டி நிரம்பி வரிசை குலைந்துவிட்டால் பழுது பார்க்க முயலாமல் புதிதாகத் தொடங்குங்கள். “இன்னொரு வாய்ப்புக்கு விளம்பரம் பாருங்கள்” என்பதை நான் தொடுவதே இல்லை. அரை நிமிடம் விளம்பரம் பார்த்துக் கிடைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் நான்கு பழத்தில் முடிந்துவிடும்.

8. பெயர் கூப்பிட்டால் காது கேட்க வேண்டும்

விளையாட்டின் சத்தத்தை அணைத்துவிடுங்கள், இயர்போன் வேண்டாம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கோவைக்கு அழைத்துப் போனபோது இது கை கொடுத்தது. சொட்டு மருந்து விட்டுப் பாவை விரியக் காத்திருக்கும் நேரத்தில், அலாரம் அடிக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி எண் பலகையைப் பார்த்தேன்.

குழந்தை கையில் கொடுப்பதாக இருந்தால் திரையை அந்த விளையாட்டோடு பூட்டும் வசதி கைபேசியின் பாதுகாப்பு அமைப்பில் இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுங்கள். யுபிஐ ரகசிய எண்ணைக் குழந்தை பார்க்கும்படி அழுத்தாதீர்கள்.

விமான முறையில் ஆடியிருந்தால் எழும்போதே அதை எடுத்துவிடுங்கள். ஒருமுறை நான் மறந்துவிட்டேன். சர்க்கரைப் பணம் வரவான குறுஞ்செய்தி வரவில்லையே என்று அலுவலகச் சன்னலில் போய் நின்றேன். உள்ளே இருந்தவர் என் கைபேசியை வாங்கிப் பார்த்து, மேலே இருந்த விமானப் படத்தை விரலால் தொட்டார். மூன்று செய்திகள் ஒன்றாக வந்து விழுந்தன.